வேப்பம்பலகையில் ஒரு கைநாட்டு

அன்று கடையில் இருந்தவர்கள் மூன்று பேர். நான், என் கூட்டாளி தினேஷ், ஏழுமலை மாமா.

இல்லாதவர்கள் இரண்டு பேர். பலகையை அறுத்து இழைத்துக் கொடுத்த தச்சர், சாயங்காலம் வந்து பொருத்திக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டுக் காஞ்சிபுரம் போயிருந்தார். மாமாவின் தங்கை மல்லிகா அக்கா மானாம்பதியில் தன் வீட்டில் இருந்தார். அவருக்குத் தெரியாமல்தான் இவ்வளவும் நடந்துகொண்டிருந்தது.

லேசர் மிஷின் நின்றது. மூடியைத் திறந்தேன். வேப்பமரம் கருகினால் ஒரு கசப்பு வாடை வரும். நாக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த வாடையோடு புகை எழுந்து மேலே போனது. புகை விலகியதும் பலகை தெரிந்தது.

நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கரி. ஒரு கட்டைவிரல் ரேகை இருக்க வேண்டிய இடம் அது. ரேகையில் ஒரு கோடுகூட இல்லை. அடுப்பில் விழுந்த வடை மாதிரி இருந்தது.

வேறு பலகை கிடையாது. நாளை மறுநாள் மானாம்பதியில் காதுகுத்து. தினேஷ் என்னைப் பார்த்தான். நான் மாமாவைப் பார்க்கவில்லை.

தீமிதியும் லேசரும்

மிஷின் வந்து இறங்கிய கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒருவர், லேசர் என்பது கண் ஆபரேஷனுக்கு அல்லவா, அதற்கும் சாவிக்கொத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. எங்கள் தெருவே அதைத்தான் கேட்டது.

விஷயம் எளிமையானது. கண்ணாடிக் குழாயிலிருந்து ஒரு கதிர் வருகிறது. ஊசி முனை அளவுதான். மரத்தில் பட்ட இடம் பொசுங்குகிறது. கம்ப்யூட்டரில் நாம் வரைந்த படத்தின் மேலேயே அந்த முனை ஓடி ஓடிப் பொசுக்கிக்கொண்டு போகிறது. நாம் அதற்குச் சொல்ல வேண்டியவை இரண்டே எண்கள். பவர் எவ்வளவு, ஸ்பீடு எவ்வளவு.

இதை ஏழுமலை மாமாவுக்கு விளக்க வேண்டியிருந்தபோது எனக்குத் தீமிதி நினைவுக்கு வந்தது. மாமா திருப்புலிவனத்துக்காரர். வருஷம் தவறாமல் தீ மிதிப்பவர். குழியில் எவ்வளவு அனல் இருக்கிறது என்பது பவர், கால் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது ஸ்பீடு என்றேன்.

"நின்னா பொசுங்கும். நடந்தா ஒண்ணும் ஆவாது. அவ்ளோதான நைனா?" என்றார்.

"அவ்ளோதான் மாமா."

"அதுக்கா இத்தினி பட்டன் வெச்சிக்கினு கீற?"

தினேஷ் அதற்குப் பிறகு ஒரு வாரம் என்னைப் பூசாரி என்றுதான் கூப்பிட்டான்.

ஆனால் அந்த இரண்டு எண்களைப் பிடிப்பதற்குள் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. தேக்குக்கு ஒரு கணக்கு, ரப்பர் மரத்துக்கு ஒரு கணக்கு, அக்ரிலிக்குக்கு வேறு. பவரைக் கூட்டினால் எழுத்து கறுப்பாகும், ஆனால் தடித்துவிடும். ஸ்பீடைக் கூட்டினால் மெலியும், ஆனால் வெளுத்துவிடும். ஒவ்வொரு மரத்துண்டிலும் சின்னச் சின்னக் கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு அளவில் எரித்துப் பார்த்து, சரியானதை வட்டமிட்டு வைப்போம். அப்படி எரித்த துண்டுகளை என் அம்மா வெந்நீர் அடுப்புக்கு எடுத்துப் போவார். முதல் மாதத்தில் எங்கள் வருமானத்தைவிட வெந்நீர்தான் அதிகம்.

எழுத்துக்குப் பத்து ரூபாய்

கடை வாசலில் நாங்கள் மாட்டியிருந்த பலகையில் ஒரே ஒரு வரிதான். பெயர் பொறிக்க, எழுத்துக்குப் பத்து ரூபாய்.

இதனால் வந்த தகராறுகளைத் தனியாகவே எழுதலாம். புள்ளி வைத்த எழுத்துக்கும் காசா என்று சண்டை போட்டவர்கள் உண்டு. வெங்கடேசப்பெருமாள் என்ற ஒருவர் கொஞ்சம் யோசித்து, வெங்கி என்று போட்டால் போதும் என்றார். புது ஜோடியின் பெயர்களுக்கு நடுவே இதயம் போடச் சொன்ன பையன், இதயத்தை எழுத்தாக எண்ணக்கூடாது என்று நின்றான். அவனுக்கு இதயத்தை இனாமாகப் போட்டுக் கொடுத்தோம்.

ஏழுமலை மாமா வந்தது ஒரு காலை நேரம். என் அம்மாவோடு நடவு வேலை செய்யும் பெண்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். என் பெயரைச் சொல்லி, ஸ்டீபன் கடை எங்கே என்று சாலையெல்லாம் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். கையில் கோணியில் சுற்றிய ஒரு பலகை.

அவர் வீட்டு வாசலில் நின்ற வேப்பமரம் போன மழையில் சாய்ந்துவிட்டது. அதில்தான் மல்லிகா அக்காவுக்குத் தூளி கட்டியிருந்ததாம். அம்மா கூலிக்குப் போய்விட, தூளியை ஆட்டியவர் அண்ணன்தான். இப்போது அந்த அக்காவுக்கு, கல்யாணமாகி நெடுங்காலம் கழித்து, ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது. காதுகுத்துக்குத் தாய்மாமன் சீராக அந்த மரத்திலேயே ஒரு குட்டி நாற்காலி செய்யச் சொல்லியிருந்தார். உட்காரும் பகுதியும் கால்களும் தயார். சாய்வதற்கான பலகைதான் கோணியில் இருந்தது. பூச்சியரிப்பு போக மரத்தில் நல்ல அகலமாகக் கிடைத்தது அந்த ஒன்றுதான்.

என்ன பெயர் போடட்டும் என்று கேட்டேன்.

"பேரு வேணாம். என் கைய போடு."

எனக்குப் புரியவில்லை. அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

மைப்பெட்டி

எங்கள் வீட்டில் பேனா வாங்குவதற்கு முன்பே மைப்பெட்டி இருந்தது. என் பரீட்சை மார்க் அட்டையில் அம்மா வைப்பது கைநாட்டுதான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வைப்பதற்கு முன் எத்தனை மார்க் என்று கேட்பார். நல்ல மார்க் என்றால் விரல் முழுசும் அழுந்தும். குறைவென்றால், "இதுக்குப் பாதி வெரலு போதும்" என்று நுனியை மட்டும் வைப்பார். வாத்தியார் அதைப் பார்த்தே கணக்கில் நான் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். இன்று நான் எதையாவது ஒழுங்காகச் செய்கிறேன் என்றால், அந்த முழு விரலை வாங்குவதற்காகப் படித்த பழக்கம்தான்.

அந்த மைப்பெட்டியை வீட்டிலிருந்து எடுத்து வந்து மாமாவின் விரலை வெள்ளைத் தாளில் பதித்தேன்.

பதியவில்லை. மறுபடி பதித்தேன். நடுவில் கொஞ்சம் கோடுகள், ஓரத்தில் கொஞ்சம், மற்றதெல்லாம் வழுக்கை. செங்கல் சூளையிலும் சிமென்ட் கலவையிலும் இருந்த கை. ரேகை தேய்ந்து போயிருந்தது. குறுக்கே ஒரு பழைய அரிவாள் வெட்டு மட்டும் தெளிவாக விழுந்தது.

மாமா சிரித்தார். ரேஷன் கடையில் விரலைத் தலைமுடியில் தேய்த்துத் தேய்த்து வைத்தாலும் மிஷின் ஏற்பதில்லையாம்.

"அந்த மிஷினு நான் ஆளே இல்லன்னு சொல்லுது. உன் மிஷினு இன்னா சொல்லுதுன்னு பாக்கலாம்."

அழகான ஒரு விரல்

தாளை ஸ்கேன் செய்து பெரிதாக்கிப் பார்த்தோம். உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கியும் கோடுகள் அங்கங்கே அறுந்து கிடந்தன. ஒரு துண்டு மரத்தில் எரித்துப் பார்த்ததில் ஏதோ எறும்பு ஊர்ந்த தடம் போல வந்தது.

தினேஷ் சும்மா இருக்கும் ஆள் இல்லை. மானாம்பதியில் சொந்த நிலம் இருக்கும் குடும்பத்துப் பையன். பாலிடெக்னிக்கில் என் பக்கத்து பெஞ்சு. மிஷினுக்குப் பாதிப் பங்கு போட்டதோடு, தன் வீட்டில் யாரும் என்னைப் பற்றித் தாழ்வாக ஒரு வார்த்தை பேசாதபடி பார்த்துக்கொண்டவன். அதற்கு நான் அவனுக்கு நன்றி சொன்னதில்லை. இங்கே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் வேலையில் அவனுக்குப் பொறுமை கிடையாது.

அவன் இன்டர்நெட்டில் தேடி ஒரு கட்டைவிரல் ரேகையை இறக்கினான். சுழிசுழியாக, கோலம் போட்ட மாதிரி, ஒரு கோடுகூட அறுந்திருக்கவில்லை. துண்டு மரத்தில் எரித்ததும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல வந்தது.

"டேய், ரேகையை எவன்டா படிச்சிப் பாக்கப் போறான்? பாக்கறதுக்கு நல்லா இருந்தா போதும்டா."

எனக்கும் ஒரு கணம் அது சரியென்றே பட்டது. மாமாவிடம் காட்டலாம் என்றேன்.

மாமா அந்தத் துண்டை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். தன் கட்டைவிரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"வெட்டு எங்க?"

தினேஷ் திரையில் இருந்த படத்தைப் பார்த்தான்.

"இது யாரு கை நைனா?"

யார் வீட்டு விளக்கு

அப்போதுதான் அவர் அந்தக் குத்துவிளக்குக் கதையைச் சொன்னார். சொல்லும்போது குரல் ஏறவுமில்லை இறங்கவுமில்லை. கடைப் படியில் உட்கார்ந்து, எதிரே வயலில் மோட்டார் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

மல்லிகா அக்கா கல்யாணத்துக்குச் சீராகக் கொடுக்க, ஒரு சீசன் முழுக்கச் சூளையில் வேலை செய்து, காஞ்சிபுரத்தில் ஒரு பாத்திரக் கடையில் குத்துவிளக்கு வாங்கியிருக்கிறார். தன் பெயரைச் சொல்லி வெட்டச் சொல்லியிருக்கிறார். கூட்டமான நாள். வெட்டி, காகிதம் சுற்றி, பையில் போட்டுக் கொடுத்தார்கள். வழியெல்லாம் பஸ்ஸில் காகிதத்தை விலக்கி விலக்கி அந்த எழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தாராம். என் பேரு இப்படித்தான் இருக்கும் போல என்று.

மண்டபத்தில் மைக்கில் சீர் வாசித்தவர் விளக்கைத் திருப்பிப் படித்தார். யாரோ ராஜேந்திரன், கமலா குடும்பத்தார், செய்யாறு. கடையில் இரண்டு விளக்கு மாறிப் போயிருக்கிறது. மண்டபம் முழுக்கச் சிரிப்பு. மேடையில் இருந்த தங்கை தலையைக் குனிந்துகொண்டதாம்.

சிரிப்பு அன்றோடு போகவில்லை. தங்கை புகுந்த வீட்டில் எப்போது விளக்கேற்றினாலும், "எந்த வூட்டு வெளக்கும்மா இது?" என்று மாமியார் கேட்பாராம். கடன் வாங்கி வந்தது என்று ஒரு பேச்சு. தூக்கி வந்தது என்று இன்னொரு பேச்சு.

"தப்பு கடைக்காரன்துதான மாமா" என்றேன்.

"கடைக்காரன்துதான். ஆனா பஸ்ஸு பூரா அத்த கையில வெச்சிக்கினு வந்தவன் நான்தான? எழுத்துல நீ இன்னா போட்டாலும் எனக்குத் தெரியாது. என் வெரலு எனக்குத் தெரியும். அதான் கேக்கறேன்."

தினேஷ் அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். சத்தமில்லாமல் வெந்நீர் அடுப்புக் கூடையில் போட்டுவிட்டு வந்தான்.

ஃபேன் சொன்னது

பிறகு வேலை ஒழுங்காக நடந்தது. விரலை வெந்நீரில் ஊறவைத்து, துடைத்து, மையைக் குறைத்து, மெல்ல உருட்டிப் பதித்தோம். நிறைய தாள் வீணானது. கடைசியில் ஒரு தாளில் இருக்கிற கோடெல்லாம் விழுந்தது. இல்லாத கோட்டை நாங்கள் வரையவில்லை. வழுக்கையை வழுக்கையாகவே விட்டோம். வெட்டையும் விட்டோம்.

மாமா பலகையோடு கொண்டு வந்திருந்த அதே வேப்பமரத்துச் சிம்பில், ஒரு மெல்லிய துண்டில், கட்டம் போட்டு அளவு பார்த்தேன். காலையிலேயே சரியான இரண்டு எண்கள் கிடைத்துவிட்டன. காஞ்சிபுரம் கிளம்பும் தச்சரை மாமா பார்த்துவிட்டு வரட்டும் என்று காத்திருந்து, மத்தியானம் அவர் கண் முன்னால் நல்ல பலகையை வைத்து, அதே எண்களைப் போட்டு, பட்டனை அழுத்தினேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் முதலில் சொன்னது. கரி.

எண் மாறவில்லை. மரம் மாறவில்லை. என்னதான் மாறியது? அப்போது எனக்கு ஒரு சத்தம் கேட்டது. மேலே ஃபேன் விர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது. காலையில் அது இறக்கையை எண்ணிவிடலாம் போலச் சுற்றியது எனக்கு நன்றாக நினைவிருந்தது.

வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். வயலில் ஒரு மோட்டாரும் ஓடவில்லை. தண்ணீர் கொட்டும் சத்தம் நின்றிருந்தது.

எங்கள் கடை ஊருக்கு வெளியே, திருப்புலிவனம் போகும் சாலையில், வயலை ஒட்டி இருக்கிறது. வயல் மோட்டார்களும் நாங்களும் ஒரே டிரான்ஸ்பார்மர். த்ரீ பேஸ் கரண்ட் விடும் நேரத்தில் மோட்டார் எல்லாம் ஓடும், எங்களுக்கு வோல்டேஜ் இறங்கிப் போகும். நான் காலையில் அளவு பார்த்தது அந்த இறங்கின கரண்டில். பலகையை வைத்தது மோட்டார் எல்லாம் நின்ற பிறகு, ஏறின கரண்டில். திரையில் எண் அதேதான், குழியில் அனல்தான் இரண்டு மடங்கு. பழைய மிஷின், ஸ்டெபிலைசர் கிடையாது. அதுவரை நாங்கள் போட்டதெல்லாம் தடித்த எழுத்துகள், கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் தெரிந்ததில்லை. தேய்ந்த ரேகையில்தான் அது தெரிந்தது.

மாமாவிடம் போய் நின்றேன். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மோட்டார் கதையைச் சொன்னேன். அவர் முழுசாகக் கேட்டார். அவருடைய மரம், தங்கையின் தூளி கட்டிய மரம், மூன்று ஊருக்குக் கேட்கும்படி அவர் என்னை ஏசியிருக்கலாம். நானும் அதற்குத் தயாராகத்தான் நின்றேன்.

"பலகைக்கு அந்தப் பக்கம் ஒண்ணு கீது இல்ல? திருப்பு" என்றார்.

இந்தத் தொடரில் பலருக்கு நன்றி சொல்லி வருகிறேன். ஆனால் அந்த ஒரு சொல்லுக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்பதை எழுதத் தெரியவில்லை.

அந்தப் பக்கம்

திருப்பினேன். உடனே வைக்கவில்லை. ஏறின கரண்டிலேயே சிம்பில் மறுபடி அளவு பார்த்தேன். பவரை நன்றாக இறக்கி, ஸ்பீடை ஏற்றி, ஒரே தடவையில் கறுப்பாக்கும் ஆசையை விட்டு, ஓட்டத்தை இரண்டாகப் பிரித்தேன். முதல் தடவை லேசாக நடந்துவிட்டு வரட்டும், இரண்டாம் தடவை அதன் மேலேயே இன்னொரு நடை.

அக்கம்பக்கத்து வயல்காரர் யாராவது மோட்டார் போட்டுவிட்டால்? தினேஷ் சொல்லாமலே புரிந்துகொண்டான். பைக்கை எடுத்துக்கொண்டு போய், வயல் வரப்பில் நின்று, த்ரீ பேஸ் கரண்ட் வந்தால் போன் செய்கிறேன் என்றான். அங்கே மத்தியான வெயிலில் அவன் துண்டைத் தலையில் போட்டு நின்றது கடையிலிருந்தே தெரிந்தது.

முதல் ஓட்டம் முடிந்தது. பலகையில் ஒரு தவிட்டு நிற நிழல். இரண்டாவது ஓட்டத்தில் அந்த நிழலுக்குள்ளிருந்து ஒவ்வொரு கோடாக எழும்பி வந்தது. அறுந்த இடத்தில் அறுந்து, தேய்ந்த இடத்தில் தேய்ந்து. நடுவே குறுக்காக மிஷின் தொடாமல் விட்ட வெள்ளை மரம். அரிவாள் வெட்டு.

மாமா கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, கட்டைவிரலை அந்த வெட்டின் மேல் வைத்தார். படித்துப் பார்ப்பவர் மாதிரி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை மெல்லத் தடவினார்.

"ம். நான்தான்" என்றார்.

மானாம்பதியில்

காதுகுத்துக்கு நாங்கள் இருவரும் போயிருந்தோம். சீர்த்தட்டுகளுக்கு நடுவே நாற்காலியைத் தன் தலையிலேயே வைத்துக்கொண்டு பேண்டு வாத்தியத்தோடு வந்தார் மாமா.

மைக்கில் வாசிப்பவர் வழக்கப்படி நாற்காலியைத் திருப்பித் திருப்பிப் பெயரைத் தேடினார். காணோம். மைக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் கேட்டார். பழைய சிரிப்புக்குப் பந்தலில் சிலர் தயாராவது எனக்குத் தெரிந்தது.

மல்லிகா அக்கா குழந்தையை இடுப்பில் வைத்தபடி வந்து பலகையைப் பார்த்தார். குனிந்து அந்தக் குறுக்கு வெட்டைத் தொட்டார். அப்புறம் அவர் வாசிப்பவரிடமிருந்து மைக்கை வாங்கவில்லை, ஆனால் மைக்கில் விழுகிற தூரத்தில்தான் நின்று சொன்னார்.

"எங்க அண்ணன் கை இது. எனக்கு நொங்கு வெட்டிக் குடுக்கறப்ப பட்ட வெட்டு."

பந்தலில் யாரும் சிரிக்கவில்லை.

மாமியாருக்கு அவ்வளவு சீக்கிரம் விட மனமில்லை. நாற்காலியின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டார். அங்கே அந்தக் கரி அப்படியே இருந்தது. இழைத்து எடுத்துவிடுகிறேன் என்று தச்சர் சொல்லியும் மாமா வேண்டாம் என்றிருந்தார்.

"இன்னா ஏழுமல, இந்தப் பக்கம் கரியா கீது?"

"அது அவசரத்துல வெச்ச கை அத்தே. முன்னால கீறது நெதானமா வெச்சது."

இந்தத் தடவை பந்தலே சிரித்தது. மாமியாரும் சிரித்தார். மாமாவின் மடியில் குழந்தையை உட்கார வைத்தார்கள். காது குத்த வந்த ஆசாரி காதைத் தொட்டதும் குழந்தை வீறிட்டு அழுதபடி மாமாவின் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது.

சாப்பாடு முடிந்து கிளம்பும்போது மாமா வழிமறித்தார். கூலி என்ன என்று கேட்டார். வேண்டாம் மாமா என்றேன். தினேஷும் வேண்டாம் என்றான். அவர் முகம் மாறிவிட்டது.

"நீங்க துட்டு வாங்கலன்னா அது உங்க சீரா பூடும். என் சீரு ஆவாது. உங்க போர்டுல இன்னா போட்டுக்கீது?"

எழுத்துக்குப் பத்து ரூபாய் என்றேன்.

"என் கை எத்தினி எழுத்து?"

ஒரு எழுத்து என்றான் தினேஷ். மாமா தலையசைத்தார். பையிலிருந்து ஒரு பத்து ரூபாயை எடுத்து என் கையில் வைத்தார். போகத் திரும்பியவர், ஏதோ நினைவு வந்து நின்று, இன்னொரு பத்தையும் எடுத்து அதன் மேல் வைத்தார். பின்பக்கத்துக்கும் சேர்த்து என்றார்.

ஆக மொத்தம் இருபது ரூபாய்.